எரிமலை போதும்

தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் இரண்டு மூன்று எரிமலைகளாவது குமுறிக்கொண்டிருக்கும். பழைய நாளிதழைக் கசக்கிப் பசை தடவி, பழுப்புச் சாயம் பூசி, உச்சிக் குழியில் சோடா மாவும் புளிக்காடியும் கொஞ்சம் சிவப்பு நிறமியும். நுரை வழியும்; சின்னப் பிள்ளைகள் கைதட்டுவார்கள்; நடுவர் மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார். நிஜ எரிமலை அப்படி வெடிப்பதில்லை என்பது யாரையும் உறுத்துவதில்லை. அமிலமும் காரமும் சேர்ந்து கரிவளி வெளியேறுவது அருமையான பாடம். அதைப் பாடமாகக் காட்டாமல் மலையாக்கிச் சாயம் பூசி ஏன் மறைக்கிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

*

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பெயர் இருப்பதால் நடுவர் நாற்காலி அவ்வப்போது என் பக்கமும் வரும். மேசைக்கு மேசை போய் ஒரே கேள்விதான் கேட்பேன்: "முதல்ல செஞ்சப்ப சரியா வந்துச்சா? வரலைன்னா என்ன மாத்துனீங்க?"

பெரும்பாலான பிள்ளைகள் திரும்பி, பின்னால் நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். கிள்ளானில் ஒரு பையன் மட்டும் ஒளிக்காமல் சொன்னான்: "அப்பா மாத்துனாரு ஐயா. நான் தூங்கிட்டேன்."

அந்த நேர்மைக்கு மதிப்பெண் போட நடுவர் தாளில் கட்டம் இல்லை.

*

ஏட்டளவில் குறை சொல்ல அதிகம் இல்லை. 2011-இல் வந்த கே.எஸ்.எஸ்.ஆர். தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டமும், 2017-இல் தொடங்கிய அதன் சீராய்வும் அறிவியல் செயற்பாங்குத் திறன்களை நடுவில் வைத்திருக்கின்றன. உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல் என்று தொடங்கி, மாறிகளைக் கட்டுப்படுத்துதல், கருதுகோள் உருவாக்குதல், பரிசோதனை செய்தல் வரை 12 திறன்கள். 1988 முதல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை ஆட்டிவைத்த யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீடு. அதில் ஆறு தர அடைவு நிலைகள். ஆறாவது நிலைக்கு என்ன வேண்டும் என்று ஆவணத்தைப் படித்துப் பாருங்கள்: தெரிந்ததைப் புதிய சூழலில், முறையாக, ஆக்கச் சிந்தனையோடு பயன்படுத்த வேண்டும் என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறார்கள். மனப்பாடம் அங்கே எங்கும் இல்லை.

ஆக, சட்டம் நம் பக்கம்தான். தேர்வு போன பிறகும் தேர்வுப் பழக்கம் போகாததுதான் சிக்கல். பயிற்சிப் புத்தக வியாபாரம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாலை நேர டியூஷனும் அப்படியே. "இந்தச் செயல்திட்டத்துக்கு எத்தனை மார்க்?" என்பதுதான் பெற்றோர் புலனக் குழுவில் வரும் முதல் கேள்வி.

*

வகுப்பில் செயல்திட்டம் என்றால் மாஜோங் தாள். நான்கு பேர் கொண்ட குழு, ஒரு பெரிய வெள்ளைத் தாள், மூன்று மார்க்கர் பேனா. தலைப்பைப் பெரிதாக எழுதி, நான்கு பக்கமும் பூக்கொடி வரைந்து, புத்தகத்தில் இருக்கும் ஐந்து வரியைப் பார்த்து எழுதி, முன்னால் வந்து படித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். எழுத்து அழகாக உள்ள பெண்பிள்ளை எழுதும். சத்தமாகப் பேசும் பையன் படிப்பான். மீதி இருவர் தாளின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஆண்டு முழுக்க அதே இருவர், அதே மூலைகள்.

யார் எந்த வேலை செய்வது என்பதைச் செயல்திட்டத்துக்குச் செயல்திட்டம் மாற்றுகிற ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அளப்பவர், எழுதுபவர், கேள்வி கேட்பவர், "ஏன் அப்படி?" என்று மறுப்பவர். மறுப்பவர் என்ற பொறுப்பை ஒரு பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள், வகுப்பே மாறிவிடும். எதிர்த்துப் பேசினால் திட்டு வாங்கும் பிள்ளைக்கு எதிர்த்துப் பேசுவதே வேலை என்றால் சும்மா இருக்குமா?

*

பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலை. வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா, மஞ்சள் தூள், குங்குமம், எலுமிச்சை எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும். மூன்றாம் ஆண்டு அமிலம், காரம் பாடத்துக்கு வேறெதுவும் வேண்டாம்.

மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவக்கும். பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் வீட்டு வாசலில் நம் பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறார்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் செம்பழுப்பாகும். அமிலம் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். லிட்மஸ் தாள் செய்கிற வேலையைத்தான் மஞ்சளும் செய்கிறது. அந்த லிட்மஸும் பாறைகளில் படரும் லைக்கன் என்ற உயிரியிலிருந்து எடுத்த சாயம்தானே.

இதுவரை சொன்னது பாடம். செயல்திட்டம் இனிமேல்தான். "ஆரத்தி ஏன் சிவந்தது?" என்று ஆசிரியர் கேட்டு ஆசிரியரே பதில் சொன்னால் அது மாஜோங் தாளோடு முடிந்துவிடும். பிள்ளைகளிடம் கேள்வியை விட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வகுப்பில் வந்தவை:

"சட்டையில கொட்டுன சாம்பார் கறை சவர்க்காரம் போட்டா ஏன் டீச்சர் சிவப்பாகுது?"

"அப்புறம் வெயில்ல காயப்போட்டா ஏன் போயிடுது?"

"சாமி கடை குங்குமம் நிஜக் குங்குமமா?"

மூன்றாவது கேள்வி தங்கம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த குங்குமத்தில் எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சள் நிறம் திரும்பும். செயற்கைச் சாயம் கலந்த பொடி சிவப்பாகவே நிற்கும். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை தானே வடிவமைக்கக்கூடிய சோதனை இது. எத்தனை பொடி, எவ்வளவு சாறு, எத்தனை நிமிடம், எல்லாவற்றையும் ஒரே அளவாக வைப்பது எப்படி என்று அவர்களே சண்டை போட்டு முடிவு செய்வார்கள். மாறிகளைக் கட்டுப்படுத்துதல் என்பது ஏட்டுச் சொல்லாக இருந்தது போய், "நீ ரெண்டு சொட்டு விட்ட, நான் ஒண்ணுதான் விட்டேன், இது ஞாயமில்ல" என்ற வாக்குவாதமாக மாறும்.

தண்ணீரில் மஞ்சள் சரியாகக் கரையாது. வடிகட்டியில் தேங்கிவிட்டதைப் பார்த்து முழிப்பார்கள். முழிக்க விடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் கைத்தூய்மி ஒரு மூலையில் இருக்கும். அதிலுள்ள ஆல்கஹாலில் மஞ்சள் நன்றாகக் கரையும். அதை ஒரு பிள்ளை தற்செயலாகவோ பிடிவாதத்தாலோ கண்டுபிடிக்கும்வரை ஆசிரியர் வாயைத் திறக்காமல் இருப்பது இந்தத் தொழிலின் கடினமான பகுதி.

சங்குப்பூவையும் சேர்த்துக்கொள்ளலாம். வேலியில் படர்ந்து கிடக்கிறது. கிளந்தான்காரர்கள் நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றுவது அதில்தான். புளிப்பு பட்டால் ஊதா, இளஞ்சிவப்பு. காரம் கூடக் கூடப் பச்சை. மஞ்சளுக்கு இரண்டே நிறம், சங்குப்பூவுக்குப் பல. எது நல்ல காட்டி என்று பிள்ளைகள் வாதிடட்டும்.

*

"பிள்ளையைச் சும்மா விட்டால் தானே கண்டுபிடிக்கும்" என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமிலம், காரம் என்று இரண்டு வகை இருப்பதே தெரியாத பிள்ளையிடம் "ஆக்கமாக யோசி" என்றால் அது மினுமினுப்புத் தூளைத்தான் எடுக்கும். முதலில் ஆசிரியர் சொல்லித்தர வேண்டும், நன்றாகவே சொல்லித்தர வேண்டும். செயல்திட்டம் அதற்கு அடுத்து. இந்த வரிசையைத் தலைகீழாக்கிய பயிலரங்குகள் சிலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். தேநீர் மட்டும் நன்றாக இருந்தது.

*

கல்வியாளர் ஜான் டூயி சிகாகோவில் சோதனைப் பள்ளி தொடங்கியது 1896. அவர் வழியில் வந்த கில்பேட்ரிக் செயல்திட்ட முறை பற்றிய கட்டுரையை வெளியிட்டது 1918. நூறாண்டைத் தாண்டிய கருத்தைப் 'புதிய கற்பித்தல் அணுகுமுறை' என்று நம்மூர்ப் பயிலரங்குகளில் இன்றும் பட வில்லைகள் போட்டு அறிமுகப்படுத்துகிறார்கள். பரவாயில்லை.

நமக்கு நெருக்கமான முன்னோடிகள் இந்தியாவில் இருக்கிறார்கள். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாதில் கிராமப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம். கையில் கிடைத்த பொருளை வைத்துச் சோதனை. தேர்விலும் செய்முறை உண்டு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம். அங்கே கையைப் பழக்கிக்கொண்ட அரவிந்த் குப்தா பிறகு குப்பையிலிருந்து நூற்றுக்கணக்கான அறிவியல் பொம்மைகள் செய்து காட்டினார். சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியும் போதும் அவருக்கு. 30 ஆண்டு நடந்த அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

தமிழ்நாட்டுக்காரர்கள் மேல் பொறாமைப்பட எனக்கு ஒரு காரணம் உண்டு: குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993 முதல் நடக்கிறது. பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு, களத்தில் ஆய்வு செய்து, தாய்மொழியிலேயே அறிக்கை எழுதலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதைத் தோளில் சுமந்து மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோனது. அங்கே மாதிரிப் பொருளுக்கு மரியாதை இல்லை, குறிப்பேட்டுக்குத்தான்.

*

இங்கேயும் முயற்சி இல்லாமல் இல்லை. டாக்டர் முகமது யூனுஸ் யாசின் தலைமையிலான அஸ்தி இயக்கம் தமிழ்ப்பள்ளிகளுக்காகவே அறிவியல் விழா நடத்துகிறது. பள்ளி அளவில் தொடங்கி மாநிலம், தேசியம் என்று மேலே போகும். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு இளம் புத்தாக்கப் போட்டி தனியாக உண்டு. இந்த மேடைகளால்தான் பல தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் அறையின் பூட்டு திறந்தது என்று தயங்காமல் சொல்வேன். தோட்டப்புறத்துப் பிள்ளை வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி, மாறி, கருதுகோள் என்று தமிழில் விளக்குவதைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கும்.

என் குறை போட்டியின் மேல் அல்ல, போட்டிக்குத் தயாராகும் முறையின் மேல். 'கெட்டிக்காரக் குழு' ஒன்றைப் பொறுக்கி, அவர்களை மட்டும் சனிக்கிழமை வரவழைத்துப் பயிற்சி கொடுக்கிறோம். மேடையில் மூன்று பேர். வகுப்பில் மீதி 30 பேர்.

*

கிள்ளான் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்கும் செயல்திட்டம் ஒன்று உண்டு. செலவு கிடையாது. வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியும் கடலும் போதும்.

ஐந்தாம் ஆண்டில் நிலவின் வளர்பிறை, தேய்பிறை வருகிறது. பாடப் புத்தகத்தில் எட்டுப் படம். கிரீம் பிஸ்கட்டைக் கடித்து எட்டு வடிவம் செய்து தட்டில் அடுக்கினால் செயல்திட்டம் முடிந்தது. பிஸ்கட் காலியாவது மட்டுமே பயன்.

கிள்ளானில் நிலவு வெறும் படமல்ல. பண்டமாரானிலோ தெலோக் கோங் பக்கமோ இருப்பவர்களைக் கேளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் பெருகும்போது வடிகாலில் தண்ணீர் பின்னோக்கி ஏறிவரும். போர்ட் கிள்ளானில் அந்த நாட்களில் கடல் மட்டம் 5 மீட்டரைத் தாண்டும். காரணம் தெரிந்ததுதான்: சூரியன், நிலவு இரண்டின் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவே. படகுத்துறைத் தூண் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பெரியவர் ஒருவர் எட்ட நின்று கைப்பேசியில் படம் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் தண்ணீருக்கு அருகில் போக வேண்டியதே இல்லை. படத்தில் தூணின் எந்தக் கோடுவரை தண்ணீர் என்று பார்த்து, கட்டத்தாளில் புள்ளி வைத்து, பக்கத்தில் நாள்காட்டியின் திதியை எழுத வேண்டும். ஒரு மாதம். விட்டுப்போன நாட்களை விட்டுப்போனதாகவே எழுத வேண்டும். நடுவில் கற்பனைப் புள்ளி வைக்கக்கூடாது. அறிவியல் நேர்மையை ஒழுக்கப்பாடமாக நடத்துவதைவிட இந்த வெற்றுக் கட்டத்தில் கற்றுக்கொடுப்பது சுலபம்.

எந்த நேரத்தில் படம் எடுப்பது என்பதிலேயே முதல் சிக்கல் வரும். நேற்று இதே மணிக்குத் தண்ணீர் நிரம்பியிருந்தது, இன்று இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. "கடிகாரம் தப்பா, கடல் தப்பா?" என்று ஒருவன் கேட்பான். நிலவு உதிக்கும் நேரமும் அதே அளவு தள்ளிப்போவதை யாராவது ஒரு பிள்ளை கண்டுகொள்ளும்.

அடுத்தது இன்னும் சுவாரசியம். அமாவாசை அன்று நிலவே தெரியாது. "தெரியாத நிலா எப்படித் தண்ணிய இழுக்கும்?" இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு ஈர்ப்பு விசையைப் பற்றிப் பாதி புரிந்துவிட்டது.

பிறகு கட்டத்தாள் புத்தகத்தோடு முரண்படும். பெருக்கு மிக உயர்ந்து நிற்பது சரியாகப் பௌர்ணமி அன்று இல்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான். இந்த இடத்தில் பல பிள்ளைகள் ரப்பரை எடுத்துப் புள்ளியைத் திருத்தப் பார்ப்பார்கள். ரப்பரைப் பிடுங்கி வைக்க வேண்டிய தருணம் அது. கடலின் பெரும் நீர்த்திரள் நிலவின் இழுப்புக்கு உடனே பதில் சொல்வதில்லை. தாமதமாகச் சொல்கிறது. புத்தகத்துக்கு ஒத்துவராத புள்ளியை நம்பத் துணிந்த பிள்ளைதான் இந்தச் செயல்திட்டத்தில் முதல் பரிசுக்கு உரியது.

அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று பாட்டி சொல்வார். அந்த நாட்களை ஒட்டித்தான் கடலின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவாக இருக்கும். சூரியனும் நிலவும் செங்குத்துத் திசையில் இழுக்கும் நேரம். பாட்டியின் சாஸ்திரத்துக்கு இது ஆதாரம் ஆகாது. ஆனால் பேரப்பிள்ளை இதைப் பாட்டியிடம் விளக்கிக்கொண்டிருக்கும் வீட்டில் அறிவியல் நடந்துகொண்டிருக்கிறது.

சரிபார்க்கவும் வழி உண்டு. கடற்படையின் தேசிய நீரளவியல் மையம் புலாவ் இண்டாவில்தான் இருக்கிறது. கடல் ஏற்ற இறக்க அட்டவணையை வெளியிடுவது அவர்களே. பிள்ளைகளின் தாளையும் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு தேதியைக் கொடுங்கள்: 2021 டிசம்பர் 18. தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு வெள்ளத்தில் மூழ்கிய நாள். பிள்ளைகள் நாள்காட்டியைப் புரட்டிப் பார்க்கட்டும். நிலவு முழுமையானது மறுநாள். வெள்ளத்துக்கு முதற்காரணம் பேய்மழைதான், அதில் ஐயமில்லை. ஆனால் கடல் ஏறி நிற்கும்போது ஆற்று நீர் வடிய இடம் குறையும், மதகுகளை மூட வேண்டிவரும், உள்ளே தேங்கியதைப் பம்பு வைத்துத்தான் இறைக்க வேண்டும். மழையும் கடலும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்யலாம் என்று பத்து வயதுப் பிள்ளைகளிடம் கேளுங்கள். சிலருக்கு அது பாடக் கேள்வி அல்ல. மெத்தையும் புத்தகப் பையும் மிதந்ததை நேரில் பார்த்தவர்கள் அவர்கள்.

*

இன்னொரு செயல்திட்டம், ஏடிஸ் கொசு. நாட்டில் டெங்கிச் சம்பவங்கள் அதிகம் பதிவாகும் மாநிலம் சிலாங்கூர். கறுப்பு டப்பா, பாதி தண்ணீர், சொரசொரப்பான ஒரு பலகைத் துண்டு: முட்டைப் பொறி தயார். பள்ளி வளாகத்தில் நிழல், வெயில், சிற்றுண்டிச்சாலைப் பின்புறம் என்று வைத்துப் பலகையில் ஒட்டிய முட்டைகளை உருப்பெருக்கியில் எண்ணலாம். ஆனால் வாரம் தவறாமல் நீரைக் கொட்டிப் பலகையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். விடுமுறைக்கு முன் மறந்துவிட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சுகாதாரத் துறை பள்ளிக்கே அபராதம் எழுதலாம். தலைமையாசிரியர் அனுமதி மறுத்தால் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

*

அடுத்தது செங்கல். 1881 ஜனவரியில் கோலாலம்பூரைத் தீ தின்றது. டிசம்பரில் வெள்ளம் வந்தது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவரும் இனி ஆகாது என்று 1882-இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஸ்வெட்டன்ஹாம் முடிவெடுத்தார். சீனர் தலைவர் யாப் ஆ லோய் செங்கல் தொழிலை முடுக்கிவிட்டார். சூளைகள் நின்ற இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். களிமண்ணில் எவ்வளவு மணல் கலந்தால் காயும்போது வெடிக்காது, வைக்கோல் சேர்த்தால் என்ன ஆகும், எத்தனை பாடப் புத்தகத்தைத் தாங்கும்? கட்டமைப்பின் வலிமைப் பாடத்துக்கு ஐஸ்கிரீம் குச்சிப் பாலத்தைவிட இது மேல். வரலாற்றுப் பாடமும் இலவசமாகச் சேரும். கை அழுக்காகும் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும்.

*

மொழி. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன, தமிழ்ப்பள்ளிகளும் விலக்கல்ல. 2009-இல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பினோம். 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் அதை ஏற்பதா கூடாதா என்று கடுமையான வாக்குவாதம் நடந்தது. அந்த அரசியலுக்குள் இங்கே போகவில்லை. நான் கண்டதை மட்டும் எழுதிவைக்கிறேன். விடையை எந்த மொழியிலும் பிள்ளை மனப்பாடம் செய்துவிடும். வாயில் வராத மொழியில் கேள்வி கேட்காது. "ஞாயமில்ல" என்று அந்தக் குங்குமச் சண்டை நடந்தது தமிழில்தான்.

*

பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் 2022 பீசா ஆய்வில் முதன்முறையாக ஆக்கச் சிந்தனையையும் அளந்தார்கள். முடிவு வந்தது 2024-இல். முழுமதிப்பெண் 60. சிங்கப்பூர் 41 எடுத்து முதலிடம், ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 33. மலேசியா அந்தச் சராசரிக்குக் கீழே. அளக்கப்பட்டவர்கள் 15 வயதினர். அறிவியல் சிக்கலுக்குத் தீர்வு காண்பதும் அதில் ஒரு பகுதி. சிங்கப்பூர்ப் பிள்ளைகள் டியூஷனில் நமக்குச் சளைத்தவர்கள் அல்ல என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். டியூஷன்தான் எதிரி என்று சுலபமாக முடிவு கட்டிவிட முடியாது.

*

ஆசிரியர்களின் பக்கம். ஒரு பாடவேளை அரை மணி நேரம். அறிவியல் அறைக்கு வரிசையாக அழைத்துப் போய் உட்காரவைக்கவே ஏழெட்டு நிமிடம். மேலும் இணையப் பதிவுகள், அறிக்கைகள், கூட்டங்கள். எல்லா அலகுக்கும் ஒரு செயல்திட்டம் என்று மேலிருந்து உத்தரவு போட்டால் மாஜோங் தாள்தான் கிடைக்கும். அரை ஆண்டுக்கு ஒன்று போதும். ஆனால் அது உண்மையான ஒன்றாக இருக்கட்டும். நிலவுத் திட்டத்துக்கு வகுப்பு நேரம் வாரத்துக்கு ஒரு பாடவேளைக்கு மேல் தேவைப்படாது.

கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற, நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றில் இது ஒருவிதச் சவால். 150-க்கும் குறைவான பிள்ளைகள் உள்ள தோட்டத்துப் பள்ளிகளில் வேறுவிதம். எனக்கு என்னவோ சின்னப் பள்ளிகளுக்கே இதில் வசதி அதிகம் என்று படுகிறது. நான்காம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் ஒன்றாக உட்காரும் கூட்டு வகுப்பில் அக்கா தம்பிக்கு அளக்கக் கற்றுக்கொடுப்பாள். ஒரு வகுப்பில் எட்டுப் பேர்தான் என்றால் மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்க யாருக்கும் வாய்ப்பில்லை.

*

புக்கிட் கியாராவில் தேசிய அறிவியல் மையம், கே.எல்.சி.சி.யில் பெட்ரோசயின்ஸ், கோளரங்கம். பேருந்து பிடித்து அழைத்துப் போகிறோம். நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் பொத்தானை அமுக்கிவிட்டு அடுத்த பொத்தானுக்கு ஓடுகிறார்கள். புறப்படும் முன் ஆளுக்கு ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போய், அங்குள்ள ஊழியரிடம் அதைக் கேட்டுவிட்டு வரச்சொன்னால் பயணச் செலவுக்குப் பொருள் உண்டு.

*

அப்பாக்களுக்கு, குறிப்பாகக் கைவேலை தெரிந்த அப்பாக்களுக்கு: பசைத் துப்பாக்கியைக் கீழே வையுங்கள். கோணலாக ஒட்டட்டும். விழட்டும். நீங்கள் செய்ய வேண்டியது பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துப் போவது, எட்ட நின்று படம் எடுப்பது, கேட்ட கேள்விக்குத் தெரியவில்லை என்றால் "தெரியலடா, பார்ப்போம்" என்று சொல்வது. அவ்வளவுதான்.

*

அடுத்த கண்காட்சிக்கு நடுவர் தாளை அச்சடிக்கப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'அழகும் நேர்த்தியும்' என்ற வரியில் 20 மதிப்பெண் இருந்தால் அதை ஐந்தாக்குங்கள். மிச்சம் 15-ஐப் புதிய வரி ஒன்றில் சேருங்கள்: 'முதல் முயற்சிக்குப் பிறகு எதை மாற்றினாய், ஏன்?' பிள்ளை தன் கையால் எழுதிய குறிப்பேட்டை மேசையில் வைத்தால்தான் அந்த வரிக்கு மதிப்பெண் என்று கீழே ஓர் அடிக்குறிப்பும் போட்டுவிடுங்கள்.